கூட்டுத் தாளில் எழுதாதது

மொத்தம் இருபது கேள்விகள். பெயர் எழுத வேண்டாம், மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள் என்று மேலே அச்சடித்திருந்தது. பெயர் எழுத வேண்டாம் என்றால் மனிதனுக்கு எங்கிருந்துதான் அத்தனை தைரியம் வருமோ. நான்காம் ஆண்டு மருத்துவ மாணவன் அடைக்கப்பன் கேண்டீனில் தே தாரிக் என்கிற ஆற்றிய டீயை உறிஞ்சிக்கொண்டே, 'மற்ற துறை மாணவர்களிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு' என்ற வரிக்கு எதிரே 'சற்றும் ஒப்பவில்லை' என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திக் கோடு போட்டான். கருத்துக்கென்று விட்டிருந்த இடத்தில், நர்ஸ் வேலையைப் பார்க்க நர்சுகள் இருக்கிறார்கள், எங்கள் நேரம் வீண் என்று ஆங்கிலத்தில் எழுதி, மடித்துப் பெட்டியில் போட்டான்.

அது 1997 ஜூலை. கோலாலம்பூரில் அவன் படித்த பல்கலைக்கழகத்தில் அந்த வருஷம்தான் ஒரு புதுப் பாடத்தைத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கருத்துத் தாளும் அதற்காகத்தான். டாக்டருக்குப் படிக்கிறவன், தாதிக்குப் படிக்கிறவள், பார்மசி படிக்கிறவன் மூன்று பேரும் ஒரு குழுவாகி ஒரே நோயாளியைப் பார்க்க வேண்டும். பிறகு கண்டதையெல்லாம் பேசி, ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டுத் தாள் என்று அதற்குப் பெயர். யார் எழுதுவது என்று விதியில் ஒன்றுமில்லை. ஆனாலும் எல்லாக் குழுவிலும் அந்தத் தாள் மருத்துவ மாணவன் கைக்குத்தான் போனது. யாரும் கொடுக்கவும் இல்லை, அவன் பிடுங்கவும் இல்லை. மேட்டு நீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி தானாகப் போனது.

அடைக்கப்பனுக்கு வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். மூன்று தலைமுறையாக வியாபாரமே பார்த்த செட்டியார் வீட்டில் அவன்தான் முதல் டாக்டர். இன்னும் படிப்பே முடியவில்லை, அதற்குள் வீட்டுக்கு வருகிறவர் போகிறவரெல்லாம் அவனிடம் நாக்கை நீட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பெற்ற ஆத்தா நாச்சம்மைக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. இப்படி வளர்ந்த பிள்ளைக்குத் தலையில் கொஞ்சம் கனம் ஏறாமல் என்ன செய்யும்?

அவர்கள் குழுவுக்குக் கிடைத்தவள் மாரியாயி. மேரு என்ற ஊரிலிருந்து வந்தவள், வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை நோய், வலது பாதத்தில் ஆறாத புண். தமிழ் தவிர வேறு பேச வராது என்பதால் தமிழ்ப் பிள்ளைகளாகப் பார்த்து மூன்று பேரைச் சேர்த்துவிட்டார்கள். பார்மசிக்கு, செராஸிலிருந்து வருகிற சபாபதி. கருத்துத் தாளில் ஒரு கேள்வியையும் படிக்காமல் நடுக்கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு வந்தவன் அவன். தாதிமைக்கு ரமணி, இரண்டாம் ஆண்டு. கேரி தீவில் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் குலை அறுப்பவரின் மகள். அவள் படித்த தோட்டப் பள்ளியிலிருந்து வெள்ளை உடுப்புப் போட வந்த முதல் பெண்.

செவ்வாய்க்கிழமை அடைக்கப்பன் மாரியாயியிடம் விவரம் கேட்டான். ஹிஸ்டரி எடுப்பது என்பார்கள் அதை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் அட்டை, முகத்தில் பெரிய டாக்டரிடம் கடன் வாங்கிய சிடுசிடுப்பு.

"வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களாம்மா?"

"சாப்பிடுறேன் டாக்டர்."

"ஊசி?"

"ஒரு நாள் தப்ப மாட்டேன் டாக்டர்."

நாடி பார்க்கக் கையைப் பிடித்தான். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு. விரலால் அதை மேலே தள்ளிவிட்டு எண்ணினான். எழுபத்தெட்டு என்று எழுதிக்கொண்டான். ஆடி மாதத்தில் கையில் காப்புக் கட்டியிருக்கும் ஒருத்தியைப் பார்த்தால், என்னம்மா நேர்த்தி என்று எந்தத் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் வாயில் வரும். இவனுடைய ஆத்தாவே வருஷா வருஷம் விரதம் இருக்கிறவள். ஆனால் வெள்ளைக் கோட்டைப் போட்டதும் அதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

ரமணி கேட்டாள். மறுநாள் புண்ணைக் கழுவிக் கட்டும்போது, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். மாரியாயி மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டாள். மகள் சந்திரகலா தலைப்பிரசவத்தில் செத்துப் பிழைத்தபோது வேண்டிக்கொண்டது. ஆடி வெள்ளி ஐந்தும், சாயங்காலம் பூசை முடிகிறவரை பச்சைத் தண்ணி பல்லில் படாது.

"ஆனா ஊசிய விட மாட்டேன் மிஸி. டாக்டருங்க சொன்னதாச்சே. காலையில குத்திக்கிட்டுதான் கோயிலுக்குப் போவேன். போன வெள்ளி ஒடம்பெல்லாம் நடுங்கி வேர்த்துக் கொட்டி உக்காந்துட்டேன். ஆத்தா எறங்கிட்டான்னு எல்லாரும் கும்பிட்டாங்க."

இறங்கியது ஆத்தா அல்ல, சர்க்கரை. ரமணிக்கு அது புரிந்துவிட்டது. டாக்டர் பேச்சையும் தட்டாமல் அம்மன் பேச்சையும் தட்டாமல் இருக்கப் பார்த்த அந்த மனுஷியிடம் அவள் அரை மணி நேரம் பேசினாள். பாலும் பழமும் எடுத்துக்கொண்டால் விரதம் கெடாது என்று டாக்டரே வந்து சொன்னால் கேட்டுக்கொள்வதாக மாரியாயி சம்மதித்தாள். ரமணி அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வெள்ளிக்கிழமை ஊசியின் அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று கீழே கோடிட்டு, நடைபாதையில் நின்ற அடைக்கப்பனிடம் கொண்டுவந்து கொடுத்தாள். சபாபதியும் பக்கத்தில் கறிபாப் பலகாரம் தின்றுகொண்டு நின்றிருந்தான்.

அடைக்கப்பன் தாளைப் படித்தான். காது மடல் சூடேறியது.

"என்கிட்ட வேளாவேளைக்குச் சாப்பிடுறேன்னாங்களே."

"உங்ககிட்ட எப்படிண்ணே சொல்லுவாங்க. டாக்டர் திட்டுவாருன்னு பயம்."

"ஹிஸ்டரி எடுக்கிறது உன் வேலையா, என் வேலையா?"

"டிஸ்சார்ஜ் நாளைக்குண்ணே. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி டாக்டருக்குத் தெரியணும்," என்றாள்.

"சரி, குடு. நான் பாத்துக்கறேன்." தாளை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் கூட்டுத் தாளை அவன் எழுதினான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. தாதிமைப் பகுதிக்கு வந்ததும் பேனா நின்றது. ரமணி சொன்னதை எழுதினால், அவன் எடுத்த ஹிஸ்டரி ஓட்டை என்று அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும். நோயாளி டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டு நர்ஸிடம் உண்மை சொன்னாள் என்று பேராசிரியர் படிப்பார். ஒரு விரதம்தானே, போன வாரம் ஒன்றும் ஆகவில்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். 'காயம் கழுவிக் கட்டப்பட்டது. நோயாளி ஒத்துழைக்கிறார்' என்று இரண்டு வரியோடு முடித்தான்.

மறுநாள் காலை ரமணி வேறு வார்டுக்குப் போகும் வழியில் நின்று கேட்டாள். "எழுதிட்டீங்களாண்ணே?"

"எழுதியாச்சு லா."

வார்டு டாக்டர் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்து, மாரியாயியை வழக்கமான ஊசி அளவோடு வீட்டுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை அவள் ஊசியைக் குத்திக்கொண்டு வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போனாள். பதினோரு மணிவாக்கில் சுருண்டு விழுந்தாள். அம்மன் வந்திருக்கிறாள் என்று சுற்றி நின்றவர்கள் கற்பூரம் காட்டினார்கள். மகள் வந்து பார்த்து, அலறியடித்து வேனில் போட்டுக் கொண்டுவரும்போது மணி இரண்டரை. உயிர் தங்கிவிட்டது. பேச்சுத்தான் குழறிப் போனது, வலது கை சொன்னபடி கேட்கவில்லை.

திங்கட்கிழமை விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு காலை, சலவைக்குப் போட ஆத்தா அவனுடைய கோட்டை எடுத்தபோது, "பையில ஏதோ காயிதம் இருக்குப்பா, வேணுமா பாரு," என்று நீட்டினாள். ரமணியின் உருண்டை எழுத்து. கீழே கோடிட்ட வரி. தேதி, நேரம், அவளுடைய சுருக்கொப்பம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அடைக்கப்பன் அதைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கிழித்தான். எட்டாக, பதினாறாகக் கிழித்துத் தண்ணீரை இழுத்துவிட்டான். இரண்டு துண்டுகள் மிதந்து திரும்ப வந்தன. தொட்டி நிறையக் காத்திருந்து மறுபடி இழுத்தான். வெளியே வந்து ஆத்தா சுட்ட தோசையில் நாலு தின்றான். தின்ன முடிந்ததே என்று பிறகு பல நாள் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

விசாரணையில் பேராசிரியர் வேலாயுதமும், தாதியர் பள்ளியின் சிஸ்டர் தனலெட்சுமியும் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர்தான் இந்தக் கூட்டுப் பாடத்தைப் பாடுபட்டுக் கொண்டுவந்தவர். சிஸ்டர் கண்டிப்புக்குப் பெயர்போனவர். கூட்டுத் தாள் மேசைமேல் கிடந்தது.

"விரதத்தைப் பத்தி நீ நோயாளிகிட்ட கேட்டியா, இல்லையா?" என்று சிஸ்டர் ரமணியைக் கேட்டார்.

"கேட்டேன் சிஸ்டர். எழுதியும் கொடுத்தேன்."

"யாருகிட்ட?"

ரமணி அடைக்கப்பனைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வைகூட இல்லை அது. நீங்களே சொல்லிவிடுங்கள் என்று வழிவிடுகிற பார்வை.

"அண்ணன்கிட்ட."

பேராசிரியர் அவன் பக்கம் திரும்பினார். அடைக்கப்பனுக்கு இல்லை என்று சொல்லத் துணிவில்லை, ஆம் என்று சொல்ல அதைவிடத் துணிவில்லை. கோழைக்கென்றே ஒரு சொல் இருக்கிறதே, அது வந்தது.

"ஞாபகம் இல்ல சார்."

"எழுதாதது செய்யாதது," என்றார் சிஸ்டர் ரமணியிடம். "மொத வருஷம் மொத வகுப்புல சொன்னது. தாள்ல உன் பகுதியில என்ன எழுதியிருக்குன்னு நீயே படிச்சுப் பாத்திருக்கணும். வார்டு சிஸ்டர்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

அதிலும் நியாயம் இருந்தது. ரமணி அதை மறுக்கவில்லை. "எழுதியாச்சுன்னு சொன்னாங்க சிஸ்டர்," என்று மட்டும் சொன்னாள். யார் சொன்னார்கள் என்று மறுபடி யாரும் கேட்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, இரண்டாம் ஆண்டை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும், இன்னொரு தவறு வந்தால் பயிற்சியைவிட்டு நீக்கம் என்று முடிவானது. வார்டு டாக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் போனது. அடைக்கப்பனுக்கு ஒன்றுமில்லை. அவன் பகுதியில் எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு வந்த நாட்களில் அவன் பட்டது யாருக்கும் வரக்கூடாது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பட வேண்டியவன்தான் பட்டான், அதில் இரக்கப்பட என்ன இருக்கிறது? மாரியாயி படுத்திருந்த வார்டு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனான். ஒருநாள் மகள் சந்திரகலா லிப்ட் வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், அந்த நர்ஸ் பொண்ணு அம்மாகிட்ட ஒண்ணுமே கேக்காம விட்டுடுச்சாமே. மொகத்தப் பாத்தா அப்படித் தெரியல. நீங்களாச்சும் கேட்டிருக்கக்கூடாதா?"

"கேட்டேன்," என்றான். அது பொய்யில்லை. ஆனால் அவள் அதை நம்பிக் கையெடுத்துக் கும்பிட்டபோது அவனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஆகஸ்டு கடைசியில் கூட்டுப் பாடம் முடிந்தது. மாணவர் கருத்தை அறிய ஓர் அறையில் எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்து, நடுவில் டேப் ரெக்கார்டரை வைத்தார்கள். அதே இருபது கேள்விகள் மறுபடியும் வந்தன. இந்த முறை அடைக்கப்பன் 'முற்றிலும் ஒப்புகிறேன்' என்ற கட்டத்தில் கோடு போட்டான். பேசச் சொன்னபோது, நோயாளியின் உண்மை எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை என்றும், தாதியின் காதில் விழுவது டாக்டரின் காதில் விழாது என்றும், தாள் ஒரே கையில் இருப்பது ஆபத்து என்றும் சொன்னான். சொன்னதெல்லாம் சத்தியம். குரல்கூடத் தழுதழுத்தது. பேராசிரியர் தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பெடுத்தார். ரமணி அந்த வட்டத்தில் இல்லை, ஜூனியர்களோடு படுக்கை விரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் சபாபதி அவன் தோளைப் பிடித்தான். "நல்லா பேசுன மச்சான். அந்தப் பொண்ணு காயிதம் குடுத்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன், தெரியுமில்ல?"

"அன்னிக்கு நீ ஏன் சொல்லல?"

"என்னை யாரு கூப்பிட்டா? கூப்பிட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. உன்ன மாதிரி ஆளுங்ககூடதானே நாளைக்கு வேல பாக்கணும்." சபாபதி கையை எடுத்துக்கொண்டான். "எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா நீ சொன்னாத்தான் எடுபடும்."

அன்றைக்கே அடைக்கப்பன் பேராசிரியர் வேலாயுதத்தின் அறைக்குப் போனான். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"சார், ரமணி என்கிட்ட சொன்னா. விரதத்தப் பத்தி. நான்தான் தாள்ல எழுதல."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு ஞாபகம் இல்லன்ன. ஒரு மாசம் கழிச்சு ஞாபகம் வந்துச்சா?"

"அன்னிக்கே ஞாபகம் இருந்துச்சு சார்."

"அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்தேன்னு சொன்னாளே. அப்படி ஏதாவது தாள் இருக்கா?"

இதுதான் வாசல். இருந்தது சார், கிழித்துப் போட்டேன் என்று நாலு சொல். அந்த நாலு சொல்லுக்குப் பின்னால் ஒழுங்கு நடவடிக்கை, படிப்பு, பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு, ஆத்தாவின் முகம் எல்லாம் வரிசை கட்டி நின்றன. மறந்தவனுக்கு மன்னிப்பு உண்டு. கிழித்தவனுக்கு யார் கொடுப்பார்கள்?

"இல்ல சார். வாயாலதான் சொன்னா."

வேலாயுதம் மெல்லச் சிரித்தார். எழுந்து வந்து அவன் முதுகில் தட்டினார். "எனக்குப் புரியுதுப்பா. அந்தப் பொண்ணு வருஷம் வீணாப் போச்சேன்னு உனக்கு மனசு கேக்கல, அதனால பழிய ஏத்துக்கப் பாக்குற. இதுதான் டீம் ஸ்பிரிட். இந்தப் பாடத்துல நான் எதிர்பார்த்ததே இதத்தான். ஆனா வாயால சொன்னா அது அவங்க ரூல்படி செல்லாது. எழுதியிருக்கணும். உன் ரெக்கார்ட நீ கெடுத்துக்காத. போய்ப் படி."

அப்போதும் நேரம் இருந்தது. அடைக்கப்பன் வாயைத் திறந்தான்.

"தேங்க்ஸ் சார்," என்றான்.

படியிறங்கும்போது அவனுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. சொல்லிவிட்டோம், அவர் நம்பவில்லை என்றால் நாம் என்ன செய்ய முடியும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான். அப்படி நினைத்த தன்னை உடனே காறித் துப்பலாம் போலிருந்தது. பாதி உண்மை சொல்லி அவளை முழுசாகப் புதைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. எழுதிக் கொடுத்தேன் என்று அவள் சொன்னது இனிமேல் பொய். அதற்குச் சாட்சி, அவளுக்காகப் பேசப் போன இவனே.

நாலு நாள் கழித்து, நூலக வாசலில் ரமணி அவனுக்காகக் காத்திருந்தாள். வெள்ளை உடுப்பு கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. அடைக்கப்பனுக்குத் திரும்பி ஓடிவிடத் தோன்றியது.

"அண்ணே."

"சொல்லு ரமணி."

"சிஸ்டர் என்னைக் கூப்பிட்டாங்க. நீங்க ப்ரொபசர்கிட்ட போய் என் தப்ப உங்க மேல போட்டுக்கப் பாத்தீங்களாம். பெரிய மனசாம் உங்களுக்கு. உன்னால அவருக்குக் கெட்ட பேர் வரப் பாத்துச்சு, அப்படியும் உனக்காகப் பேசியிருக்காரு, நேர்ல போய் நன்றி சொல்லிட்டு வான்னாங்க."

குரலில் கோபமில்லை. மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி ஒரே சீராகச் சொன்னாள். கண்ணை மட்டும் அவன் முகத்திலிருந்து எடுக்கவில்லை. படிக்கட்டில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவர்களைச் சுற்றி விலகிப் போனார்கள்.

"நன்றிண்ணே," என்றாள்.

"பரவால்ல," என்றது அவன் வாய்.

சின்ன வயதிலிருந்து வீட்டில் பழக்கிய மரியாதை. யார் நன்றி சொன்னாலும் தானாக வந்துவிடும். அது தன் காதில் விழுந்து அவன் திடுக்கிட்டு நிமிர்வதற்குள் ரமணி வார்டைப் பார்க்க நடந்து போய்க்கொண்டிருந்தாள்.